பழைய திக்னஸ் மெஷின் பலகையை இழுக்கவில்லையா? எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

"அண்ணே, இழுக்க மாட்டேங்குது" என்று, பலகையை ஒரே தடிமனாக இழைக்கிற திக்னஸ் மெஷின் பக்கத்திலிருந்து பட்டறைப் பையன் குரல் கொடுத்ததும் நம்மில் பலர் செய்கிற முதல் வேலை, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் மேலே இருக்கிற, இழுக்கும் ரோலரைப் பலகைமேல் அழுத்துகிற ஸ்பிரிங் போல்ட்டுகளை ஆளுக்கு அரைச் சுற்று இறுக்குவதுதான். நானும் பல வருடம் அதைத்தான் செய்தேன். அன்றைக்கு வேலை ஓடிவிடும். அடுத்த வாரம் மறுபடி நிற்கும், மறுபடி இறுக்குவோம், கடைசியில் ரோலரின் பல் தடம் பலகையில் ஆழமாகப் பதிந்து எவ்வளவு உப்புத்தாள் போட்டாலும் போகாத நிலைக்கு வந்து சேர்வோம். உண்மையில் ஸ்பிரிங் தளர்ந்ததால் நின்றது ரொம்ப அபூர்வம்.

பலகை எந்த இடத்தில் நின்றதோ அந்த இடமே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். இந்த மெஷினுக்குள் பலகை வரிசையாக ஐந்தாறு பாகங்களைக் கடந்து போகிறது, எதைத் தாண்ட முடியவில்லை என்று தெரிந்தால் மற்றவற்றின் திருகுகளைத் தொடவே வேண்டாம்.

நான் பேசுவது எந்த மாதிரி மெஷின் என்று சொல்லிவிடுகிறேன். வார்ப்பிரும்பு உடம்பு, 18 அங்குல அகலம், மூன்று கத்தி, ஒரே த்ரீ ஃபேஸ் மோட்டார் கட்டரையும் ரோலர்களையும் சேர்த்து ஓட்டும் பழைய திக்னஸ். பஞ்சாபில் பட்டாலா, லூதியானா பக்கம் வார்த்து வந்தவையானாலும் சரி, அதற்கும் முந்தைய இங்கிலாந்து மெஷின்களானாலும் சரி, உள்ளே அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இப்போது கையில் தூக்கிக்கொண்டு சைட்டுக்குப் போகிற சின்ன மெஷின்களில் ரோலர் ரப்பர், மேசைக்குள் ரோலரும் பிரஷர் பாரும் பெரும்பாலும் கிடையாது. அவற்றுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

உள்ளே பலகை போகிற வரிசை இது. முன்னால் தொங்கும் இரும்பு விரல்கள், பலகை நம் பக்கம் திருப்பி அடிக்காமல் தடுப்பவை. அடுத்து பலகையை உள்ளே இழுக்கும், பல் வைத்த இன்ஃபீட் ரோலர். அதை ஒட்டி, மரத்தை அழுத்திப் பிடித்துச் சில்லு பெயராமல் பார்த்துக்கொள்ளும் சிப் பிரேக்கர். பிறகு கத்திகள் மாட்டிச் சுற்றும் கட்டர் பிளாக். அதற்குப் பின்னால், இழைத்த பரப்பின் மேல் படிந்து உட்காரும் பிரஷர் பார். கடைசியில் பலகையை வெளியே இழுக்கும், வழவழப்பான அவுட்ஃபீட் ரோலர். மேசைக்குள் கீழே இரண்டு ரோலர் தலையை மட்டும் லேசாக நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றுக்கு மோட்டார் ஓட்டம் கிடையாது, பலகை போகும்போது தானாகச் சுற்ற வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. மெயினை அணைத்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பையில் இருந்தால்தான் வேறு யாரும் போட முடியாது. பழைய கட்டர் பிளாக் கனம் அதிகம், அணைத்த பிறகும் வெகுநேரம் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும், அது முழுதாக நிற்கிறவரை மூடியைத் திறக்காதீர்கள். பலகை சிக்கினால் மெஷின் நின்றதும் மேசையை ஒரு சுற்று இறக்கிவிட்டு உருவுங்கள். ஓடும்போது குனிந்து உள்ளே பார்க்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், பலகை திரும்பி வந்தால் அது வரும் நேர்கோட்டில்தான் உங்கள் முகம் இருக்கும். அந்த இரும்பு விரல்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி விட்டுப் பாருங்கள், எல்லாம் தன் எடையிலேயே டக்கென்று விழ வேண்டும். பிசினும் தூளும் இறுகி ஒன்று தொங்காமல் நின்றால்கூட முதலில் அதைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் மற்றது.

இப்போது சாக்பீஸ் வேலை. மேசையின் முன் விளிம்பிலிருந்து ஒவ்வொரு பாகமும் எத்தனை அங்குலம் என்று அளந்து மெஷின் பக்கவாட்டில் எழுதிவையுங்கள். என் மெஷினில் இன்ஃபீட் ரோலர் 7, கத்தி 11, பிரஷர் பார் 12½, அவுட்ஃபீட் ரோலர் 15. உங்களுடையதில் வேறு எண்கள் வரும். இனிமேல் பலகை நின்றால் அணைத்துவிட்டு, மேசை விளிம்பு இருக்கிற இடத்தில் பலகையில் ஒரு கோடு போட்டுக்கொண்டு வெளியே எடுத்து, கோட்டிலிருந்து பலகையின் முன் நுனி வரை அளந்தால் போதும், நுனி எதன் அடியில் நின்றது என்று தெரிந்துவிடும்.

ரோலரைத் தொட்டதோடு சரி, உள்ளேயே போகவில்லை

ரோலர் சுற்றுகிறதா என்பது முதல் கேள்வி. சிரிக்காதீர்கள், ரோலர் ஓட்டத்தைச் சேர்த்துவிடும் ஃபீட் லிவர் தட்டுப்பட்டு விடுபட்டிருப்பதைக் கவனிக்காமல் அரை நாள் போக்கியவர்களை எனக்குத் தெரியும். லிவர் சரி என்றால், ரோலரின் முனையிலும் அதை ஓட்டும் ஸ்ப்ராக்கெட்டிலும் (செயின் மாட்டுகிற பல்சக்கரம்) நேராக ஒரே கோடாக சாக்பீஸால் இழுத்துவிட்டு ஒரு பலகையை விட்டுப் பாருங்கள். நின்ற பிறகு இரண்டு கோடும் விலகியிருந்தால் ஸ்ப்ராக்கெட்டைத் தண்டோடு பிணைக்கிற சின்ன இரும்புத் துண்டான கீ தேய்ந்துவிட்டது அல்லது வெட்டுப்பட்டுவிட்டது. சும்மா சுற்றும்போது ரோலரையும் தூக்கிக்கொண்டு சுற்றும், சுமை வந்ததும் ஸ்ப்ராக்கெட் மட்டும் நழுவும், அதனால் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். புதுக் கீ செதுக்கிப் போட லேத் பட்டறைக்காரருக்குப் பெரிய வேலை இல்லை, ஆனால் தண்டில் இருக்கிற காடியே அகன்றுபோயிருந்தால் காடியையும் சீர்செய்யச் சொல்லுங்கள், வெறும் கீ மட்டும் மாற்றினால் சீக்கிரமே மறுபடி அங்கேதான் போய் நிற்பீர்கள்.

கோடு விலகவில்லை, ரோலர் சுற்றுகிறது, பலகைதான் நகரவில்லை என்றால் பிடிப்பு இல்லை. பலகையின் மேலே ஒரே இடத்தில் மரம் பொடியாகித் தேய்ந்திருப்பது தெரியும். பல்லுக்கு இடையே பிசின் அடைத்திருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பேக்கிங் பெட்டியிலிருந்து பிரித்த பைன் பலகைகள் நிறைய ஓட்டுகிற இடத்தில் சொல்லவே வேண்டாம், தூளும் பிசினும் சேர்ந்து பல்லுக்கு இடையே சிமென்ட்போல இறுகி, பல் வைத்த ரோலர் வழவழப்பான ரோலர் ஆகிவிடும். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அரை மணி நேரம் சுற்றி வைத்துவிட்டு, பித்தளைக் கம்பி பிரஷால் பல்லின் போக்கிலேயே தேய்த்தால் வந்துவிடும். பிறகு காய்ந்த துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பலகையில் எண்ணெய்க் கறை ஏறி பாலிஷ் பிடிக்காது. ரப்பர் ரோலர் என்றால் மண்ணெண்ணெயும் தின்னரும் பக்கத்திலேயே வரக் கூடாது, ரப்பர் ஊதிவிடும். அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும்.

பல் மொட்டையாகிவிட்டது என்று அரத்தை எடுத்துத் தீட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கையால் தீட்டினால் ரோலர் ஒரு பக்கம் பருத்தும் ஒரு பக்கம் ஒல்லியாகவும் ஆகும், அதற்குப் பிறகு பலகை கோணலாகத்தான் போகும். கழற்றி லேத்தில் கொடுப்பது ஒன்றே வழி.

காலையில் முதல் பலகை நன்றாகப் போகிறது, அதன் பிறகு வருகிற மெல்லிய பலகைகள் மட்டும் நழுவுகின்றன என்றால் வேறு இடத்தைப் பாருங்கள். ரோலரின் இரண்டு முனையிலும் இருக்கிற பேரிங் கட்டைகள் வார்ப்பின் காடிக்குள் மேலும் கீழும் தடையில்லாமல் ஓட வேண்டும். பழைய கிரீஸும் மரத்தூளும் காய்ந்து இறுகினால், தடித்த பலகை வந்து தூக்கிய ரோலர் தூக்கிய இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். மெஷின் அணைந்திருக்கும்போது ஒரு கட்டையை நெம்புகோலாக வைத்து ரோலரின் ஒவ்வொரு முனையையும் தூக்கி விடுங்கள், டப்பென்று கீழே இறங்க வேண்டும். மெல்ல இறங்கினாலோ பாதியில் நின்றாலோ கழற்றிக் கழுவுங்கள். இந்தக் கோளாறுக்கு ஸ்பிரிங்கை இறுக்கினால் பேரிங் கட்டை இன்னும் இறுகி உட்காருமே தவிர ஒன்றும் ஆகாது.

இரண்டு பலகையைச் சேர்த்து விட்டால் ஒன்று மட்டும் நிற்கிறதா? ரோலர் ஒரே துண்டாக இருந்தால் தடித்த பலகை அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும், மெல்லியதை யாரும் பிடிக்கவில்லை. அது நிற்பதோடு போனால் நல்ல காலம், திருப்பி அடிப்பதும் இப்படித்தான். வேறு வேறு தடிமனை ஒரே நேரத்தில் விடாதீர்கள்.

ரோலர் பிடித்தது, கத்தியிடம் போய் நின்றது

இங்கே இரண்டு மூன்று பேர் மேல்தான் சந்தேகம். கத்தி மழுங்கியிருந்தால் வெட்டுவதற்குப் பதிலாக மரத்தை அடித்து அடித்துத் தள்ளும், ரோலர் எவ்வளவு இழுத்தாலும் கத்தி எதிர்த்து நிற்கும். சத்தமே காட்டிக்கொடுக்கும், கூர்மையான கத்தி சீறும், மழுங்கியது உறுமும். தேக்கில் இயற்கையாகவே சிலிகா உண்டு, அதனால் தேக்கு ஓட்டிய கத்தி வேகமாக மழுங்கும். தென்னை மரம் அதைவிட மோசம். நேற்றுத்தானே சாணை பிடித்தோம் என்று நாளைக் கணக்குப் பார்க்காமல் கத்தி நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். கூரான நுனி வெளிச்சத்தைத் திருப்பாது. வெள்ளைக் கோடு ஒன்று மின்னினால் அது மழுங்கிய விளிம்பு.

அடுத்தது வெட்டு ஆழம். நம் பழக்கத்தில் அங்குலத்துக்கு எட்டு நூல், கால் நூல் என்றால் சுமார் 0.8 மி.மீ. ஐந்து குதிரைசக்தி மோட்டாரில் 15 அங்குல வேங்கைப் பலகைக்கு ஒரே ஓட்டத்தில் ஒரு நூல் எடுக்க நினைப்பது ஆசை. கால் நூலிலிருந்து அரை நூல் வரை போங்கள். அறுத்து வந்த பலகை ஒரு முனையில் தடித்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள், மெல்லிய முனையில் அளந்து மேசையை வைத்துவிட்டு அந்த முனையை முதலில் விட்டால் பாதியில் போய்க் கத்தி ஒரு நூலைக் கடிக்கும். பலகையின் எந்த இடம் அதிகத் தடிமனோ அங்கே அளந்து வையுங்கள்.

மூன்றாவது சிப் பிரேக்கர். அதன் உதடு கத்தி மட்டத்தைவிடக் கால் நூல் கீழே இருந்தால் சரி. (கத்தி நுனி சுற்றி வரும்போது மேசைக்கு மிக அருகில் வருகிற உயரத்தைத்தான் கத்தி மட்டம் என்கிறேன், இனி எல்லா அளவும் அதிலிருந்துதான்.) அந்த உதட்டுக்கும் கட்டருக்கும் நடுவே சீவல் அடைத்துக்கொண்டால் சிப் பிரேக்கர் மேலே எழும்பாமல் பலகைக்குக் குறுக்கே சுவர் மாதிரி நின்றுவிடும். ஈரம் காயாத வேப்ப மரம் ஓட்டினால் இது அடிக்கடி நடக்கும், அதன் சீவல் உதிராமல் நார் நாராகச் சுருண்டு அடைக்கும். தூள் இழுக்கும் குழாய் அடைத்திருந்தாலும் இதே கதை.

நுனி பிரஷர் பாரைத் தொட்டதும் நிற்கிறது

என் கணக்கில் இது பழைய மெஷினின் முக்கியமான கோளாறு. இதைத்தான் ரொம்பப் பேர் ஸ்பிரிங் என்று நினைத்து ஏமாறுகிறோம்.

ஒரு புதன்கிழமை கத்தி மாற்றினேன். வியாழன் காலையிலிருந்து எந்தப் பலகையை விட்டாலும் கொஞ்ச தூரம் இழைத்துவிட்டு நின்றது. ரோலர் பல்லைச் சுத்தம் செய்தேன், பெல்ட்டை இறுக்கினேன், ஸ்பிரிங்கை வழக்கம்போல இறுக்கினேன், மேசைக்கு மெழுகு தேய்த்தேன். வெள்ளிக்கிழமையும் போச்சு. பக்கத்துப் பட்டறைக்கு வேறு வேலையாக வந்த வயசான ஃபிட்டர் ஒருவர் எட்டிப் பார்த்து, "கத்தி எப்ப மாத்துன தம்பி?" என்றார். "புதன்கிழமைங்க." "எப்பருந்து நிக்குது?" "வியாழக்கிழமைங்க." அவர் வேறொன்றும் கேட்கவில்லை, சிரித்தார்.

நடந்தது இதுதான். புதுக் கத்தியைப் பிளாக்கில் முன்பைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துவிட்டேன். அதனால் கத்தி மட்டம் மேலே ஏறிவிட்டது. இழைத்த பரப்பும் அதே அளவு மேலே ஏறிவிட்டது. பிரஷர் பார் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது, அதாவது பலகைக்கு இப்போது அது ஒரு படிக்கட்டு. நுனி போய் அதில் முட்டி நின்றது. இதே தவறை எதிர்ப்பக்கம் செய்திருந்தால், கத்தியை அதிகம் வெளியே நீட்டியிருந்தால், பலகை நிற்காது. ஆனால் பார் பலகையைத் தொடாமல் மேலேயே இருக்கும், பலகை துள்ளும், பரப்பில் அலை அலையாக வரி விழும், முனையில் பள்ளம் விழும். நிற்பதும் துள்ளுவதும் ஒரே திருகின் இரண்டு பக்கம் என்பது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

சரிசெய்யும் முறை. காய்ந்த கடின மரத்தில், இரண்டு பக்கமும் இணையாக இழைத்த ஒரு சின்னக் கட்டையைச் செய்துகொள்ளுங்கள், உள்ளங்கை அளவு போதும். ஃபியூஸ் கட்டை பையில் இருக்கட்டும். கட்டையை மேசையில் கத்திக்கு அடியில் வைத்து, கட்டரைக் கையால் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே மேசையை ஏற்றுங்கள். கத்தி நுனி கட்டையை உரசும் அந்த இடத்தில் மேசையைப் பூட்டுங்கள். பிறகு கட்டையைப் பிரஷர் பாரின் அடிக்கு நகர்த்தினால் அது தட்டாமல், ஆடாமல், உரசிக்கொண்டு போக வேண்டும். இடப் பக்கம், வலப் பக்கம் இரண்டிலும் பாருங்கள். அதற்கு முன்னால் மூன்று கத்தியும் ஒரே மட்டத்தில்தான் இருக்கின்றனவா என்று இதே கட்டையால் பார்த்துவிடுங்கள், ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அளப்பதெல்லாம் வீண்.

இனி ஓட்டிப் பார்ப்பது. ஒரு நல்ல பலகையைக் கால் நூல் வெட்டில் விடுங்கள். நின்றால் அணைத்துவிட்டு இரண்டு பக்கத் திருகையும் ஒரே அளவு, அரைக்கால் சுற்று மட்டும், மேலே தூக்குங்கள். நிற்காமல் போகிறது ஆனால் வரி விழுகிறது என்றால் அதே அளவு இறக்குங்கள். நிற்பதற்கும் வரி விழுவதற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளி மயிரிழைதான், பொறுமை வேண்டும். பாரின் அடியில் பிசின் பூசி இருந்தாலும் இறங்கிய மாதிரியே வேலை செய்யும், எனவே அளப்பதற்கு முன் துடைத்துவிடுங்கள்.

இன்ஃபீட், அவுட்ஃபீட் ரோலர்களுக்கும் இதே கட்டைதான். அவை கத்தி மட்டத்துக்குக் கால் நூல் கீழே இருக்க வேண்டும். கட்டையின் மேல் 0.8 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தகட்டை வைத்து, கத்தி அந்தத் தகட்டை உரசும் வரை மேசையை ஏற்றுங்கள். பிறகு தகட்டை எடுத்துவிட்டு வெறும் கட்டையை ரோலரின் அடிக்குக் கொண்டுபோனால் ரோலர் அதைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். சிப் பிரேக்கருக்கும் இப்படியே. கத்தியைக் கழற்றி மாட்டிய ஒவ்வொரு தடவையும் இந்த அளவுகளை ஒரு சுற்று பார்த்துவிட்டால் அரை மணி நேரம்தான் செலவு, எனக்குப் போனது இரண்டு நாள்.

நடுவழியில் நிற்கிறது, கையால் தள்ளினால் போகிறது

எல்லாப் பாகத்தையும் தாண்டிவிட்டது, அவுட்ஃபீட் ரோலரும் பிடித்துவிட்டது, அப்படியும் நிற்கிறது என்றால் கீழே பாருங்கள். மேலே இருப்பது இழுக்கிறது, கீழே இருப்பது பிடிக்கிறது.

மேசையில் விரலை ஓட்டிப் பார்த்தாலே தெரியும், கண்ணுக்குத் தெரியாத பிசின் படலம் விரலைப் பிடிக்கும். மண்ணெண்ணெயால் துடைத்து, காய்ந்ததும் வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்த்து, துணியால் பளபளக்கும் வரை ஏற்றுங்கள். தேங்காயெண்ணெய், மெஷின் ஆயில், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், எல்லாம் மரத்தில் ஏறிப் பாலிஷைக் கெடுக்கும், போதாததற்குத் தூளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் திங்கட்கிழமை காலையில் மெழுகு தேய்த்துவிட்டுத்தான் ஸ்விட்சைப் போடுகிறேன்.

பிறகு மேசை ரோலர்கள். இரண்டையும் கையால் சுற்றிப் பாருங்கள். தூள் புகுந்து ஒன்று இறுகிவிட்டால் பலகைகள் அதன் மேல் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் தட்டையாகிவிடும், அப்புறம் அது சுற்றவே சுற்றாது. சுற்றினால் உயரத்தை அளக்க வேண்டும். நேரான இரும்புச் சட்டத்தை இரண்டு ரோலரின் மேலும் படியும்படி வைத்து, சட்டத்துக்கும் மேசைக்கும் நடுவில் ஃபீலர் தகட்டை நுழைத்துப் பாருங்கள். இழைத்த நல்ல பலகைக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. போதும். ரம்பத்திலிருந்து நேராக வந்த கரடுமுரடான பலகைக்கு 0.3 வரை, ரொம்ப மோசமான பலகைக்கு 0.5 வரைகூட ஏற்றலாம். அதிகம் ஏற்றினால் இழுவை அருமையாக இருக்கும், ஆனால் பலகை இரண்டு ரோலருக்கும் நடுவே தொங்கி, நுனியிலும் வாலிலும் பள்ளம் விழும். இரண்டு விதமான வேலையும் பார்க்கிறவர் நடுவாக 0.15 வைத்துக்கொண்டு கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் சகித்துக்கொள்ள வேண்டியதுதான். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பலகையையும் ஒரு பார்வை பாருங்கள். முறுக்கிய பலகை மேசையில் உட்காராமல் ஆடும், ரோலர் அதை அழுத்தி நேராக்கப் பார்த்தே களைத்துவிடும். முதலில் சர்ஃபேஸ் மெஷினில் ஒரு முகத்தைத் தட்டையாக்கிவிட்டு அந்த முகத்தைக் கீழே வைத்து விட வேண்டியதை, நேரே திக்னஸில் விட்டுவிட்டு மெஷினைத் திட்டுவதில் நியாயம் இல்லை.

வால் மட்டும் உள்ளேயே தங்கிவிடுகிறது

பலகை முழுக்க ஓடிவிட்டது, கடைசி ஏழெட்டு அங்குலம் நிற்கிறது, அடுத்த பலகையை விட்டுத் தள்ளினால் வந்துவிடுகிறது. பின்முனை இன்ஃபீட் ரோலரை விட்டதும் இழுக்க வேண்டியது அவுட்ஃபீட் ரோலர் மட்டும்தான், அது இழுக்கவில்லை. வழவழப்பான ரோலரில் தூசி படிந்து கண்ணாடிபோல ஆகியிருக்கலாம், துடைத்தாலே பாதிச் சரியாகும். இல்லையென்றால் உயரம் கால் நூலுக்குக் குறைவாக இறங்கியிருக்கும், அல்லது பேரிங் கட்டை சிக்கியிருக்கும். எதையும் தொடுமுன் பலகையின் நீளத்தைப் பாருங்கள். இரண்டு ரோலருக்கும் உள்ள இடைவெளியைவிடக் குட்டையான துண்டை விட்டால், முதல் ரோலர் விட்டதற்கும் இரண்டாவது பிடிப்பதற்கும் நடுவே அது கத்திக்கு அடியில் அநாதையாக நிற்கும். என் மெஷினில் இடைவெளி 8 அங்குலம், 10 அங்குலத்துக்குக் குறைந்த எதையும் விடுவதில்லை. குட்டைத் துண்டு வேண்டுமென்றால் நீளப் பலகையாக இழைத்துவிட்டுப் பிறகு அறுப்பதுதான் புத்திசாலித்தனம்.

கோணலாகப் போகிறது

ஒரு பக்கம் அதிகம் இழுக்கிறது. பேரிங் கட்டை, ரோலரின் உயரம், பிசின், ஸ்பிரிங் என்று அதே வரிசைதான், இடத்தையும் வலத்தையும் ஒப்பிட்டால் போதும். மேசையே ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் கோணும். அதற்குப் பலகையின் இரண்டு ஓரத் தடிமனையும் காலிப்பரில் அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். எல்லோரும் பலகையை எப்போதும் நடுவிலேயே விடுவதால் கத்தி நடுவில் மட்டும் மழுங்கியிருப்பதும் உண்டு, அகலம் குறைந்த பலகைகளை இடம், நடு, வலம் என்று மாற்றி மாற்றி விடுங்கள்.

நேரம் காலம் இல்லாமல் நிற்கிறது

சாக்பீஸ் கணக்கு எதற்கும் ஒத்துவரவில்லை, ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே என்று நிற்கிறது என்றால் பலகையின் பாதையை விட்டுவிட்டு ஓட்டுகிற பக்கம் போங்கள். செயினை ஸ்ப்ராக்கெட்டின் வளைவில் விரலால் வெளியே இழுத்துப் பாருங்கள், பல்லில் பாதி வெளியே தெரிகிற அளவுக்கு வந்தால் நீண்டுவிட்டது, மாற்றுங்கள். பெல்ட் பளபளவென்று கண்ணாடிபோல ஆகியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். கியர் பாக்ஸில் எண்ணெய் இருக்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ரோலர் ஒரு கணம் தயங்கினாலும் அந்த இடத்தில் பலகைக்குக் குறுக்கே பளபளப்பான அல்லது கருகிய ஒரு கோடு விழும். மூன்று கத்தி, நிமிடத்துக்கு 4000 சுற்று, நிமிடத்துக்கு 6 மீட்டர் ஓட்டம் என்றால் கத்தி அரை மில்லிமீட்டருக்கு ஒரு தடவை மரத்தைத் தொடுகிறது, பலகை நின்றால் அத்தனை வெட்டும் ஒரே இடத்தில் விழுகிறது. அந்தக் கோடுகளின் இடைவெளியை அளந்து பாருங்கள், சமமாக இருந்தால் ஸ்ப்ராக்கெட்டிலோ கியரிலோ ஒரு பல் போயிருக்கிறது.

கரண்டையும் சந்தேகப்படுங்கள். த்ரீ ஃபேஸில் ஒன்று போய்விட்டாலும் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் நிற்காமல் ஓடும், லேசான வெட்டுக்கு ஒன்றும் தெரியாது, கொஞ்சம் ஆழம் வைத்ததும் இறங்கி நிற்கும், மோட்டார் கொதிக்கும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் உறுமிக்கொண்டு நிற்குமே தவிரக் கிளம்பாது. எலெக்ட்ரீஷியனை விட்டு மூன்று வயரிலும் கிளாம்ப் மீட்டரில் ஆம்பியர் பார்க்கச் சொல்லுங்கள், மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. தெருவில் கேபிள் வேலை செய்துவிட்டுப் போன மறுநாள், பலகையை மெஷின் வாயில் வைத்தால் ரோலர் உள்ளே இழுக்காமல் நம்மை நோக்கித் தள்ளியது. ஃபேஸ் வரிசை மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது, கட்டரும் சேர்ந்தே தலைகீழ். எலெக்ட்ரீஷியன் இரண்டு வயரை இடம் மாற்றிப் போட்டார், ஐந்து நிமிட வேலை. அதிலிருந்து ஈபி வேலை நடந்தால் முதலில் கட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பலகையைத் தொடுகிறேன்.

சரி, ஸ்பிரிங்கை எப்போதுதான் இறுக்குவது?

மேலே சொன்னதெல்லாம் பார்த்தாகிவிட்டது, ரோலர் சுத்தம், கட்டைகள் ஓடுகின்றன, உயரம் சரி, பார் சரி, மேசையில் மெழுகு, இன்னும் நழுவுகிறது என்றால் இப்போது ஸ்பேனரை எடுங்கள். ஆனால் இருக்கிற இடத்திலிருந்து இறுக்காதீர்கள், வருடக்கணக்காக ஆளாளுக்கு இறுக்கிய போல்ட்டுகள் அவை, இடமும் வலமும் எத்தனை சுற்றில் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. முழுதாகத் தளர்த்தி, ஸ்பிரிங்கை எடுத்து இரண்டின் நீளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்று குட்டையாகியிருந்தால் ஜோடியாகவே மாற்றுங்கள். திரும்பப் போட்டு, போல்ட் ஸ்பிரிங்கைத் தொடுகிற இடத்திலிருந்து சுற்றை எண்ண ஆரம்பியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கை. ஆறு அங்குல அகலப் பலகையைக் கால் நூல் வெட்டில் விட்டு, நழுவினால் அணைத்துவிட்டு இரண்டையும் அரைச் சுற்று, மறுபடி விட்டு மறுபடி அரைச் சுற்று. நழுவுவது நின்றதும் ஒரு கால் சுற்று கூட, அதோடு கையை எடுத்துவிடுங்கள். பிறகு ஒல்லியான ஒரு சட்டத்தை இடது ஓரத்தில் ஒரு தடவை, வலது ஓரத்தில் ஒரு தடவை விட்டால் இரண்டு ஸ்பிரிங்கும் சமமா என்று தெரிந்துவிடும். கால் நூலுக்கும் குறைவாக வெட்டும்போது பல் தடம் லேசாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், பல் வைத்த ரோலரில் அது இருக்கும்தான், கால் நூல் எடுக்கிற வெட்டிலும் தெரிந்தால்தான் இறுக்கம் அதிகம்.

எனக்கு வந்த எண்ணிக்கை மூன்றே கால் சுற்று. மெஷின் மூடியின் உள்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே கத்தி மாற்றிய தேதியும்.